மார்ச் வந்தும் பதில் வரவில்லை என்றால்: கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் ஒரு தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். இரசாயனவியலில் கலாநிதிப் படிப்புக்காக அமெரிக்காவில் எட்டு இடங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள். இரண்டு இடம் இல்லை என்று சொல்லிவிட்டது. ஓர் இடம், கலாநிதிக்கு எடுக்கவில்லை, முதுமாணிக்கு வரலாம், நிதி எதுவும் இல்லை, மார்ச் 20க்குள் முற்பணம் கட்டுங்கள் என்கிறது. மிச்சம் ஐந்தும் மூச்சுக் காட்டவில்லை. அப்பா வெள்ளவத்தை வீட்டு உறுதியை வங்கியில் ஈடு வைத்தாவது அனுப்புகிறேன் என்கிறார். இப்போது உங்களுக்கு மூன்று கேள்வி: அந்த ஐந்து இடத்துக்கும் எழுதிக் கேட்கலாமா, முதுமாணி இடத்தை ஏற்றுக்கொள்ளலாமா, இரவில் எப்படி நித்திரை கொள்வது.

நடுக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதற்குத்தான் திகதி நெருங்குகிறது. முற்பணம் கட்டாதீர்கள். குறைந்தது இப்போதைக்குக் கட்டாதீர்கள். அந்தப் பல்கலைக்கழகத்துக்கே எழுதி, ஏப்ரல் 15 வரை அவகாசம் தர முடியுமா என்று கேளுங்கள். கேட்டால் தருகிற இடங்கள் நிறைய. தராவிட்டாலும் என் பதில் மாறாது. உங்கள் துறையில் அமெரிக்காவில் கலாநிதிப் படிப்பு என்றால் கற்பித்தல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதச் சம்பளமும் தருவதுதான் வழக்கம். அந்த வழக்கம் இருக்கும்போது வீட்டு உறுதியை எடுத்துக்கொண்டு போய் வங்கியில் நிற்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த ஐந்து இடத்து மௌனத்தைப் பற்றி. டிசம்பர் 1, டிசம்பர் 15 என்று விண்ணப்பம் முடிந்த பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் குறையும். துறையில் நாலைந்து பேராசிரியர்கள் சேர்ந்து கோப்புகளை வாசித்து வரிசைப்படுத்துவார்கள். ஆனால் எத்தனை பேரை எடுக்கலாம் என்பதை அவர்கள் தனியாகத் தீர்மானிப்பதில்லை, பணம்தான் தீர்மானிக்கும். இளநிலை மாணவர்களின் ஆய்வுகூட வகுப்புகளை நடத்த எத்தனை கற்பித்தல் உதவியாளர் வேண்டும், எந்தப் பேராசிரியர் கையில் ஆய்வு நிதி இருக்கிறது, அந்த நிதி எப்போது முடிகிறது என்பதெல்லாம் கூட்டிக் கழித்துத்தான் இத்தனை இடம் என்ற எண்ணிக்கை வரும். அந்த எண்ணிக்கைக்கு முதல் சுற்றுக் கடிதங்களை ஜனவரி, பெப்ரவரியில் அனுப்புவார்கள். அப்புறம் அந்த ஆட்களை வரவழைத்து வளாகத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். நல்ல பிள்ளைகளுக்கு நாலு இடத்தில் கிடைத்திருக்கும், அவர்கள் ஒன்றை எடுத்து மூன்றை விடுவார்கள், விடுகிற இடம் அடுத்த பெயருக்குப் போகும். மார்ச் முதல் வாரத்தில் உங்களுக்கு ஒரு பதிலும் வரவில்லை என்றால் எடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்று வைத்திருக்கிற காத்திருப்போர் பட்டியலில் நீங்கள் இருக்கலாம். அல்லது மறுத்துவிட்டு அறிவிக்காமல் வைத்திருக்கலாம், ஏனென்றால் நிறைய இடங்களில் மறுப்புக் கடிதத்தை எல்லாம் முடிந்த பிறகுதான் மொத்தமாக அனுப்புகிறார்கள். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். அதனால் போர்ட்டலில், அதாவது நீங்கள் விண்ணப்பித்த இணையத்தளத்தில், 'பரிசீலனையில்' என்று எழுதியிருப்பதை வைத்து எதையும் ஊகிக்காதீர்கள், கடைசி நாள் வரைக்கும் அந்தச் சொல் அப்படியே நிற்கும்.

ஏப்ரல் 15 என்ற திகதி எங்கிருந்து வந்தது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அமெரிக்காவில் பட்டமேற்படிப்புப் பள்ளிகளின் கவுன்சில் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதன் தீர்மானம் ஒன்றில் நிறையப் பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. நிதியோடு வருகிற அழைப்புக்கு மாணவர் ஏப்ரல் 15க்கு முன் பதில் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்பதுதான் அதன் சாரம். கவனியுங்கள், நிதியோடு வருகிற அழைப்புக்கு. உங்கள் முதுமாணி இடத்தில் நிதி இல்லாதபடியால் அவர்கள் தங்களுக்கு வசதியான திகதியைப் போட்டிருக்கிறார்கள். நாளைக்கு நிதியோடு ஒரு கடிதம் வந்து, ஒரு வாரத்தில் பதில் சொல்லுங்கள் என்று நெருக்கினால், அந்தப் பல்கலைக்கழகம் கையெழுத்திட்ட பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மரியாதையாக அந்தத் தீர்மானத்தை நினைவுபடுத்தி அவகாசம் கேட்கலாம். ஒருவரும் கோபிக்க மாட்டார்கள்.

எங்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. ஏப்ரல் 14 சித்திரைப் புதுவருடம். அந்த வாரம் கொழும்பில் வங்கி, கம்பஸ் பரீட்சைக் கிளை என்று எல்லாம் ஒன்று மூடியிருக்கும், இல்லாவிட்டால் பாதி ஆள் ஊருக்குப் போயிருக்கும். காத்திருப்போர் பட்டியல் வேகமாக நகர்வதும் அதே வாரத்தில்தான், ஏனென்றால் கடைசி நேரத்தில்தான் ஆட்கள் தங்கள் இடங்களை விடுவார்கள். ஏப்ரல் 13 இரவு ஒரு கடிதம் வந்து, உங்கள் பெறுபேற்றுச் சான்றிதழின் முத்திரையிட்ட பிரதி உடனே வேண்டும் என்று கேட்டால் நீங்கள் யாரிடம் போவீர்கள்? அதனால் அந்தப் பிரதிகளையும் பட்டம் உறுதிப்படுத்தும் கடிதத்தையும் இந்த மாதமே எடுத்து வையுங்கள். கடவுச்சீட்டு எப்போது காலாவதியாகிறது என்றும் ஒரு தரம் பாருங்கள். இன்னொரு சின்ன விஷயம்: விண்ணப்பத்தில் கம்பஸ் தந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருந்தால் ஒவ்வொரு போர்ட்டலிலும் போய் உங்கள் சொந்த ஜீமெயிலுக்கு மாற்றிவிடுங்கள். பட்டம் முடிந்த பிறகு அந்தக் கணக்குகளை எப்போது நிறுத்துவார்கள் என்று சொல்ல முடியாது. ஸ்பாம் பெட்டியையும் கிழமைக்கு இரண்டு தரம் பாருங்கள், என்னோடு படித்த ஒருவருக்கு அழைப்புக் கடிதம் அதற்குள்தான் ஒன்பது நாள் கிடந்தது.

சரி, எழுதிக் கேட்கலாமா? கேட்கலாம். மார்ச் நடுப்பகுதி வரைக்கும் பொறுத்து, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மின்னஞ்சல். பேராசிரியருக்கு அனுப்பாமல் துறையில் பட்டமேற்படிப்பு விவகாரங்களைப் பார்க்கிற ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்புங்கள், உண்மை நிலவரம் அவரிடம்தான் இருக்கும். பெயர், விண்ணப்ப இலக்கம், எந்தப் படிப்பு, முடிவு எப்போது தெரியலாம், இன்னும் ஆர்வமாக இருக்கிறேன். நாலு வசனம் போதும். வேறொரு இடத்தில் பதில் சொல்ல வேண்டிய திகதி இருக்கிறது என்பதையும் சொல்லலாம், அது உண்மைதானே. உருக்கமாக எழுத வேண்டாம், வீட்டு நிலைமையை எழுத வேண்டாம், கிழமைக்கு ஒரு தரம் திருப்பி அனுப்பவும் வேண்டாம். நேர்முகத்தில் உங்களோடு நன்றாகப் பேசிய பேராசிரியர் யாராவது இருந்தால் அவருக்குத் தனியாக ஒரு குறிப்பு அனுப்பலாம். அதற்குப் பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள், முடிவு வெளிவருவதற்கு முன் பேசக் கூடாது என்று அவர்களுக்குக் கட்டுப்பாடு இருக்கும். காத்திருப்போர் பட்டியலில் இருப்பதாகச் சொன்னால் நேரடியாகவே கேளுங்கள்: இடம் கிடைத்தால் நிதியும் சேர்ந்து கிடைக்குமா, எத்தனையாம் திகதிக்குள் தெரியும்?

இப்போது பணம். இதைத்தான் எங்கள் பிள்ளைகள் சரியாக வாசிப்பதில்லை. கடிதத்தில் வாழ்த்துகள் என்ற சொல்லைப் பார்த்ததும் வீடு முழுக்கச் சந்தோஷம், இரண்டாம் பக்கத்தை ஒருவரும் திருப்புவதில்லை. நிதிக் கடிதம் ஒன்று வந்தால் ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு மேசையில் இருங்கள். 27,000 டொலர் என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா? ஒன்பதுக்கு என்றால் மாதம் 3,000, ஆனால் கோடை மூன்று மாதமும் கையில் ஒன்றும் வராமல் போகலாம். பன்னிரண்டுக்கு என்றால் மாதம் 2,250. அதே தொகைதான், வாழ்க்கை வேறு. கோடைக்கு வழக்கமாக யார் சம்பளம் தருகிறார்கள் என்று கேளுங்கள். அடுத்தது, கற்பித்தல் கட்டணம் தள்ளுபடி என்று இருந்தால் மற்றக் கட்டணங்களும் அதற்குள் அடங்குமா? மாணவர் கட்டணம், சர்வதேச மாணவர் கட்டணம், ஆய்வுகூடக் கட்டணம் என்று தனியாக வரும், சில இடங்களில் ஒரு பருவத்துக்கே ஆயிரம் டொலரைத் தாண்டும். மருத்துவக் காப்புறுதியை முழுதாகக் கட்டுகிறார்களா, பாதியா? பிறகு, ஐந்து வருடத்துக்கு உறுதி என்று எழுதியிருக்கிறதா, அல்லது முதல் வருடத்துக்குத் தந்துவிட்டுப் பின்னர் புதுப்பிக்கப்படலாம் என்றா? படிப்பில் திருப்திகரமான முன்னேற்றம் இருந்தால் என்ற நிபந்தனை எல்லா இடத்திலும் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். 'புதுப்பிக்கப்படலாம்' என்ற சொல்லைப் பார்த்தால் மட்டும், போன வருடங்களில் யாருக்காவது புதுப்பிக்காமல் விட்டார்களா என்று அங்கே படிக்கிற ஒரு பிள்ளையிடம் கேளுங்கள். ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டால் இரண்டாம், மூன்றாம் வருட மாணவர் ஒருவருடைய தொடர்பைத் தருவார்.

கற்பித்தல் உதவியாளர் சம்பளம் என்றால் இன்னொன்றும் உண்டு. ஆங்கிலத்தில் பேசுகிற திறனுக்கு நிறையப் பல்கலைக்கழகங்கள் தனியாக ஒரு பரீட்சையோ டோஃபல் ஆங்கிலப் பரீட்சையின் பேச்சுப் பகுதியில் ஒரு குறைந்தபட்சப் புள்ளியோ கேட்கும். சேர்வதற்குத் தேவையான புள்ளியை விட அது கூட இருக்கும். உங்கள் பேச்சுப் புள்ளி அதற்குக் கீழே என்றால், வகுப்பு எடுக்க முடியாத அந்தப் பருவத்தில் என் சம்பளம் எங்கிருந்து வரும் என்று இப்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

போன பிறகு ஒரு பார்ட் டைம் வேலை பார்த்துச் சமாளிக்கலாம் என்று மாமாமார் சொல்வார்கள். எஃப் 1 என்ற மாணவர் விசாவில் படிப்புப் பருவத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம், அதுவும் வளாகத்துக்குள்தான். உதவியாளர் வேலையே வழக்கமாக அந்த 20 மணித்தியாலத்தையும் எடுத்துவிடும். கடை, உணவகம் என்று வெளியில் களவாக வேலை செய்து பிடிபட்டால் விசா போய்விடும், அதோடு படிப்பும் போய்விடும்.

நான் காரணம் சொல்கிறேன் என்றேன் அல்லவா. எனக்கு ஒரு வருடம் கீழே படித்த பிள்ளை ஒன்று 2021இல் இப்படித்தான் நிதி இல்லாத முதுமாணி இடம் ஒன்றை ஏற்றுக்கொண்டு போனது. முதல் வருடம் அங்கே போய்க் காட்டினால் அடுத்த வருடம் உதவியாளர் இடம் தருவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள், கடிதத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. தாய் கொட்டாஞ்சேனை வீட்டை ஈடு வைத்துக் கடன் எடுத்தா. அப்போது டொலர் 200 ரூபா. 2022 மார்ச்சில், பெறுமதியைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று ரூபாவை மிதக்க விட்டார்கள், மே மாதம் டொலர் 360 வரைக்கும் போனது. கட்ட வேண்டிய கட்டணம் டொலரில், எடுத்த கடன் ரூபாவில். ஐந்து மாதத்துக்கு என்று கணக்குப் போட்டு வைத்திருந்த காசு மூன்று மாதத்துக்குக்கூடக் காணவில்லை. அந்தப் பிள்ளை முதல் வருடத்தோடு திரும்பி வந்தது. இன்றைக்கு இங்கே ஒரு தனியார் கம்பனியில் வேலை, சம்பளத்தில் பாதி வங்கிக்குப் போகிறது. பிள்ளை கெட்டிக்காரி, புள்ளியெல்லாம் உங்களுடையது மாதிரித்தான். இரண்டு மாதம் பொறுத்திருந்தால், அல்லது அடுத்த வருடம் திரும்ப விண்ணப்பித்திருந்தால், முழு நிதியோடு போயிருப்பா என்று இன்றைக்கும் நம்புகிறேன். அவவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பாரமாக இருக்கும். ஏனென்றால் அந்த நேரம் என்னிடமும் கேட்டவ. நான் 'யோசித்துச் செய்யுங்கள்' என்று மட்டும்தான் சொன்னேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

முழு நிதியோடு வந்தாலும் தொடக்கத்தில் கையில் கொஞ்சம் வேண்டும். மாணவர் விவரத்தை அமெரிக்க அரசிடம் பதிவதற்கான செவிஸ் கட்டணம் 350 டொலர், விசாக் கட்டணம், பிளேன் டிக்கெட், அங்கே வாடகைக்கு முற்பணம். ஓகஸ்டில் போனால் முதல் சம்பளம் செப்டெம்பர் கடைசியில்தான் கைக்கு வரும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவுக்கு வீட்டில் கேட்கலாம், வெளிநாட்டுக்குக் காசு அனுப்ப வங்கியில் மாணவர் கோப்பு ஒன்று திறக்க என்னென்ன கடிதம் வேண்டும் என்று அப்பாவை இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள். அவருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு இருக்கிறது, அந்த வேலையைக் கொடுங்கள்.

2025ஐயும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த வருடம் அமெரிக்க அரசின் ஆய்வு நிதியில் கை வைத்ததால் உயிர்மருத்துவத் துறைகளில் சில பல்கலைக்கழகங்கள் ஆள் எடுப்பதைக் குறைத்தன, சில இடங்களில் கொடுத்த அழைப்பையே திருப்பி எடுத்தார்கள். மே கடைசியில் மாணவர் விசா நேர்முகங்களுக்குப் புதிய திகதி கொடுப்பதை நிறுத்தி, ஜூன் நடுப்பகுதிக்குப் பிறகுதான் திரும்பத் தொடங்கினார்கள். அதனால் ஒரு மறுப்பு வந்தால் அதை உங்கள் தகுதிக்கு வந்த தீர்ப்பாக எடுக்காதீர்கள், அந்தத் துறையில் அந்த வருடம் காசு இல்லாமல் போயிருக்கலாம். அழைப்பு வந்தால் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தருகிற ஐ 20 பத்திரத்துக்கு உடனே விண்ணப்பித்து, கொள்ளுப்பிட்டித் தூதரகத்தில் கிடைக்கிற முதல் நேர்முகத் திகதியை எடுங்கள். ஓகஸ்டுக்கு நிறைய நாள் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒன்றுமே சரிவரவில்லை என்றால்? கம்பஸில் உங்கள் தற்காலிகப் பதவியை இன்னொரு வருடம் நீடிக்க முடியுமா என்று துறைத் தலைவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள், மே மாதம் போய்க் கேட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்திருக்கும். டோஃபல், ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சைகளின் புள்ளிகள் இரண்டு வருடத்துக்குச் செல்லும், பட்டமேற்படிப்புக்கான பொதுப் பரீட்சையான ஜிஆர்இ ஐந்து வருடத்துக்கு, அதனால் அந்தக் காசு வீணாகவில்லை. அடுத்த முறை எட்டு இடமும் அமெரிக்காவாக இருக்க வேண்டாம். கனடாவில் ஆய்வு முதுமாணிக்கே விஞ்ஞானத் துறைகளில் சம்பளம் தருவார்கள், ஆனால் முதலில் ஒரு மேற்பார்வையாளர் உங்களை எடுக்கச் சம்மதிக்க வேண்டும், செப்டெம்பரிலேயே எழுதத் தொடங்க வேண்டும். ஒரு வருட முதுமாணி போதும் என்றால் பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் இருக்கிறது, ஓகஸ்டில் திறந்து ஒக்டோபரில் மூடும், முடிந்ததும் திரும்பி வந்து இரண்டு வருடம் நாட்டில் இருக்க வேண்டும். அமெரிக்க அரசின் புல்பிரைட் புலமைப்பரிசிலுக்குக் கொழும்பிலேயே ஆணைக்குழு இருக்கிறது. ஒரு விண்ணப்பத்துக்கு 90 டொலர் என்றால் 27,000 ரூபாவுக்கு மேல் போகிறது, எட்டுக்குக் கட்டியது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதனால் அடுத்த முறை கட்டணத் தள்ளுபடி கேட்டு ஒவ்வொரு துறைக்கும் முன்கூட்டியே எழுதுங்கள், கேட்கிறவர்களில் சிலருக்குக் கொடுக்கிறார்கள்.

இனி நித்திரை. இரவு இரண்டரைக்கு எழும்பிப் போனைப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். நானும் பார்த்தேன். நாங்கள் அப்போது வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதைப் பக்கம் ஒரு மேல்மாடியில் இருந்தோம். அம்மா விடியப்புறம் உழுந்து அரைக்க எழும்பும்போது நான் போன் வெளிச்சத்தில் கட்டிலில் இருந்துகொண்டிருப்பேன். அவ ஒன்றும் கேட்க மாட்டா, குசினி லைட்டைப் போட்டு ஒரு பிளேன்டீ கொண்டுவந்து ஜன்னல் கட்டில் வைத்துவிட்டுப் போவா. ஐந்து மணிக்கு முதல் ரயில் போகும், யன்னல் கண்ணாடி அதிரும், கோப்பைக்குள் தேத்தண்ணி வட்டம் வட்டமாக அசையும். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரங்களில் எனக்கு ஒரு கடிதமும் வரவில்லை. வந்தது ஒரு வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு, எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்த நேரம்.

நேரக் கணக்கு இப்படி. மார்ச் இரண்டாம் ஞாயிறு அவர்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவார்கள். அதற்குப் பிறகு கிழக்குக் கரையில் அலுவலகம் திறக்கிற ஒன்பது மணி எங்களுக்குப் பின்னேரம் ஆறரை, அவர்கள் ஐந்துக்கு மூடும்போது எங்களுக்கு விடிய இரண்டரை. கலிபோர்னியா என்றால் இரவு ஒன்பதரை முதல் விடிய ஐந்தரை. அதனால் இரவு பத்தரைக்கு ஒரு தரம் பாருங்கள், காலை ஆறுக்கு ஒரு தரம் பாருங்கள். இடையில் என்ன வந்தாலும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியது மூன்று மணித்தியாலத்தில் அல்ல, அது விடியும்வரை அங்கேயே இருக்கும். சனி, ஞாயிறு இரவுகளில் போனை அம்மாவின் அறையில் வைத்துவிடுங்கள், அவர்கள் அலுவலகம் பூட்டு. கடைசித் திகதியும் அப்படித்தான்: கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முடிகிற நள்ளிரவு எங்களுக்கு 16ஆம் திகதி காலை ஒன்பதரை.

கேட்கிற சொந்தக்காரருக்கு, ஏப்ரல் கடைசியில்தான் தெரியும் என்று ஒரே பதிலைச் சொல்லுங்கள். ரொறொன்ரோ சித்திக்கும் அதே பதில், மயூராபதி அம்மன் கோயில் வாசலில் பிடிக்கிற அன்ரிக்கும் அதே பதில். வீட்டிலும் சாப்பாட்டு மேசையில் ஒவ்வொரு நாளும் இதைப் பேசாமல், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மட்டும் அப்பாவோடு இருந்து அந்தக் கிழமை வந்ததைச் சொல்லுங்கள். அவர் உறுதியை எடுத்துக் கொடுக்கத் தயாராக இருப்பது உங்கள் மேல் உள்ள பாசத்தால். அதை மறுக்கும்போது, ஏப்ரல் 15 வரைக்கும் பொறுங்கள் அப்பா என்று ஒரு திகதியோடு சொல்லுங்கள். வெறும் வேண்டாம் என்பதை விட அது அவருக்கு லேசாக இருக்கும்.

ஐந்தில் எதிலிருந்தாவது கடிதம் வந்தால் பெயரை மறைத்துவிட்டு, நிதி பற்றிய பந்தியை மட்டும் எனக்கு அனுப்புங்கள். இரவு எத்தனை மணி என்று பார்க்க வேண்டாம், நான் விடிய எழும்பியதும் வாசித்து வரிக்கு வரி சொல்கிறேன்.